கலர்ப்பூவும் கறுப்பு வெள்ளை மாடும்

“…வெயில்தான் தோல உரிச்சுதுன்னா, கறுப்புத் தோல எப்படி விட்டுச்சு? அதுக்கு உன் புத்தகத்துல பதில் இருக்கா? வெயிலுக்கு என்ன, வெள்ளையப் பாத்தாத்தான் கோவம் வருமா?”

என் அண்ணி இதைக் கேட்டபோது அவர் கையில் மாட்டுக் கயிறு இருந்தது. சனிக்கிழமை, காலை பதினொரு மணி. சுங்கை பினாங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையின் வாசலில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நான் குறுக்கே நின்றேன். அண்ணி என்று நான் சொல்வது என் கணவரின் அக்காவை. மாட்டைக் கோயில் வரைக்கும் நடத்திக்கொண்டுபோய், சுற்றிப்போட்டு, விபூதி பூசிக் கூட்டிவரப் போகிறேன் என்று கிளம்பியிருந்தார். அந்த வெயிலில் இறக்கினால் மாடு திரும்பி வராது என்று நான் சொன்னேன். யார் சொன்னது என்றார். புத்தகம் என்றேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

கேள்வி நியாயமானதுதான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஒரு காலத்தில் எங்கள் சந்தில் ஏழெட்டு வீட்டில் மாடு இருந்ததாம். நான் கல்யாணமாகி வந்தபோது இரண்டு வீட்டில் இருந்தது. பிறகு அவர்களும் மாட்டை லோரியில் ஏற்றி, எங்கள் தீவிலிருந்து கடல் தாண்டி, அக்கரையில் சிம்பாங் அம்பாட் பக்கம் சொந்தக்காரர் நிலத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கடைசியில் எஞ்சியது அண்ணியின் மாடு ஒன்றுதான். கறுப்பும் வெள்ளையுமாய், யாரோ சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டுப் போனதுபோல் இருக்கும். அண்ணிக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. தம்பி வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் என்று யாரும் சொல்லிவிடாதபடி அவரைக் காப்பாற்றியது அந்த மாடுதான். காலையில் பத்து வீட்டுக்கு அவர் கையால் பால் போகும். “என் சோறு நாலு கால்ல நிக்குது” என்பார். அதை நான் எழுதி வைத்திருக்கிறேன்.

எழுதி வைப்பது என் பழக்கம். மூன்றாம் பாரத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவள் நான். பாயான் லெப்பாஸில் மின்பொருள் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. படிப்பை விட்டது உறுத்திக்கொண்டே இருந்ததால் தனியாகப் பரீட்சைக்குக் கட்டியிருந்தேன். எடுத்த பாடங்களில் ஒன்று விவசாய அறிவியல். வீட்டில் மாடு இருக்கிறதே, பாதிப் பாடம் பின்கட்டிலேயே கிடக்கிறது என்று கணக்குப் போட்டேன். சவ்ரஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடையில் ஒரு மலாய்ப் பாடநூல் கிடைத்தது. மண், உரம், களை, கால்நடை என்று எல்லாம் அதற்குள் இருந்தது. நோட்டுப் புத்தகத்தின் முன்பக்கத்திலிருந்து பாடம் எழுதுவேன். பின்பக்கத்திலிருந்து சந்தில் ஜனங்கள் பேசுவதை எழுதுவேன். பின்பக்கம்தான் சீக்கிரம் நிறைந்தது.

அந்த வருஷம் மாட்டுப் பொங்கல் எங்கள் சந்துக்கே பெரிய நாளாகிவிட்டது. ஒரே மாடு அல்லவா. கும்பிடுவதற்கு எல்லாருக்கும் இது ஒன்றுதான். அண்ணி விடிகாலையில் குளிப்பாட்டி, கொம்புக்குச் சிவப்பும் மஞ்சளும் அடித்து, மஞ்சள் குங்குமம் வைத்து, வாசலில் வெயிலில் கட்டினார். சந்தே வந்தது. பொங்கல் ஊட்டினார்கள், வாழைப்பழம் கொடுத்தார்கள். வெறுங்கையோடு வரக் கூடாது என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கட்டுப் பச்சை வந்தது.

அங்கேதான் தப்பு நடந்தது. நகரத்து ஜனங்களுக்கு மாடு என்றால் பால் தெரியும், சாணி தெரியும். தீவனம் தெரியாது. தை மாதம் மழையில்லாமல் காய்ந்துபோன நேரம், புல் எல்லாம் பழுப்பு. சாமி மாட்டுக்குப் போய்ப் பழுப்புப் புல்லையா கொடுப்பது? சந்துக்குப் பின்னால் காலி மனையில் ஒரு புதர்ச் செடி மட்டும் அந்த வறட்சியிலும் பச்சைப் பசேலென்று நிற்கும். ஒரே கொத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் ரோஸும் கலந்து பூப்பூவாய் இருக்கும். எங்களிடம் அதற்குப் பெயர்கூட இல்லை. கலர்ப்பூ என்போம். அழகாய் இருக்கிறதே என்று ஆளுக்கு ஒரு கட்டு அதையே வெட்டிக்கொண்டு வந்தார்கள். எல்லாரையும்விடப் பெரிய கட்டு, சந்தின் கடைசியில் இருந்த கோடி வீட்டு அக்காவுடையது. பிஸ்கட் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர். தினமும் சாயங்காலம் தன் வீட்டுக் கழுநீரை வாளியில் சேர்த்துக் கொண்டுவந்து மாட்டுக்கு வைத்துவிட்டு, அது குடித்து முடிக்கும்வரை கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்பார். அன்றைக்கு மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, “என்னா அழகுடி நீ, கண்ண எடுக்க முடியல” என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார். அதையும் அன்றே எழுதி வைத்தேன். எழுதாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு நினைத்ததுண்டு.

வந்த கட்டுகளை அண்ணி வீணாக்கவில்லை. மாடு தானாகப் போய் அந்தச் செடியைக் கடிக்காது. ஆனால் அண்ணி உட்கார்ந்து பொடிப்பொடியாய் நறுக்கி, தவிட்டோடும் வெல்லத் தண்ணீரோடும் பிசைந்து வைத்தார். மூன்று நாள் வைத்தார். பசியில் இருந்த மாடு, இனிப்பும் சேர்ந்ததும், தொட்டியை நக்கித் துடைத்தது.

நாலாம் நாள் தீனியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. சாணி கல்லாய் இறுகியது. பால் பாதியாகி, பிறகு கையளவாகியது. கண்ணின் வெள்ளை, மஞ்சள் தடவியதுபோல் ஆனது. பொங்கலன்று பூசிய மஞ்சள்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அண்ணி ஈரத்துணியால் துடைத்துக்கூடப் பார்த்தார். ஒரு வாரத்தில் தோல் சிவந்து வீங்கியது. மூக்கு வெடித்தது. வெள்ளைத் திட்டு இருந்த இடத்தில் எல்லாம் தோல் காய்ந்து, தடித்து, பழைய சுவரில் பெயிண்ட் உரிவதுபோல் உரியத் தொடங்கியது. கறுப்புத் திட்டு மட்டும் எப்போதும்போல் பளபளவென்று இருந்தது.

சந்தில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. “அத்தன பேரு பாத்தா மாடு என்ன, மலையே விழும்லா” என்றார் ஒருவர். இன்னொருவர் பக்கத்து மலாய்க் கம்போங்கில் இருக்கிற மந்திரவாதியை, போமோவை, கூட்டிவந்து மந்திரிக்கச் சொன்னார். நாளாக ஆக அத்தனை பேர் கண் ஒரு ஆளின் கண்ணாகச் சுருங்கியது. “கண்ண எடுக்க முடியலன்னு யாரு சொன்னா, யோசிச்சுப் பாருங்க” என்று யாரோ ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான். கோடி வீட்டு அக்கா அன்று சாயங்காலம் வாளியோடு வந்தபோது அண்ணி வாங்கிக்கொண்டார்.  அக்கா திரும்பிப் போனதும் கழுநீரைக் காவாயில் ஊற்றினார். பாதி தூரம் போயிருந்த அக்கா சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை.

என் கணவருக்குப் பட்டர்வொர்த்தில் ரயில்வே சரக்குக் கொட்டகையில் வேலை. நல்ல மனுஷன், ஆனால் எதையும் சீக்கிரம் முடித்துவிட வேண்டும். “அக்கா, நிக்கும்போதே வித்து லோரில ஏத்திரு. படுத்துருச்சுன்னா எவனும் தொட மாட்டான்” என்றார்.

“உன்ன ஏத்துறேன்டா முதல்ல” என்றார் அண்ணி. அதோடு அந்தப் பேச்சு நின்றது. ஆனால் அவர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

நான் புத்தகத்தை எடுத்தேன். எனக்கு மருத்துவம் தெரியும் என்று இல்லை. வேறு எதை எடுப்பது என்று தெரியாமல்தான் எடுத்தேன். கால்நடைப் பகுதியில் மாட்டு நோய்கள் ஒரு பக்கம் இருந்தன. எதுவும் பொருந்தவில்லை. களைப் பகுதிக்குப் போனேன். லாலாங் புல், தொட்டாற்சுருங்கி, அதற்கடுத்து, மேய்ச்சல் நிலத்தில் இருக்கக் கூடாத களைகள் என்று ஒரு பட்டியல். அதில் ஒன்றுக்கு எதிரே ஒரே ஒரு வரி: மாட்டுக்கு விஷம், ஈரலைக் கெடுக்கும், தின்ற மாட்டை வெயிலில் விடக் கூடாது. பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு படம். படம் கறுப்பு வெள்ளை. பூவின் நிறத்தால் மட்டுமே நாங்கள் அறிந்த செடியை நிறமே இல்லாத படத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

எழுத்தில் இருந்த அடையாளங்களை ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன். தண்டு உருண்டையாய் இராது, நாலு பட்டையாய் இருக்கும், சின்ன முள் உண்டு. இலை ஜோடி ஜோடியாய், உப்புத்தாள்போல் சொரசொரக்கும். கசக்கினால் கெட்ட வாடை. மலாய்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரே கோழி எச்சத்தை வைத்துத்தான். கொட்டகைக்குப் போய்த் தீனித் தொட்டியின் மூலையில் கைவிட்டேன். மாடு ஒதுக்கிய தடித்த தண்டுத் துண்டுகள் நாலைந்து காய்ந்து கிடந்தன. ஒன்றை எடுத்து விரலுக்கு நடுவில் உருட்டினேன். உருளவில்லை. நாலு பட்டை. காலி மனைக்குப் போய் ஒரு இலையைப் பறித்துக் கசக்கி முகர்ந்தேன். புத்தகம் சொன்ன அதே கெட்ட வாடை.

வெயில் ஏன் வெள்ளையை மட்டும் தாக்கியது என்பதற்குக் களைப் பகுதியில் பதில் இல்லை. அது நூறு பக்கம் தள்ளி, கால்நடை இனங்களைப் பற்றிய பகுதியில் இருந்தது. தோலில் கறுப்பு நிறம் இருந்தால் வெயிலைத் தாங்கும், வெளிர்த் தோல் தாங்காது, ஆகையால் நம் நாட்டு வெயிலுக்கு எந்த மாடு ஏற்றது என்று ஏதோ சொல்லிக்கொண்டு போயிருந்தார்கள். களையை எழுதியவருக்கும் மாட்டை எழுதியவருக்கும் ஒருவரையொருவர் தெரியாதுபோல. இரண்டையும் நான்தான் முடிச்சுப் போட்டேன். சரியா தப்பா என்று கேட்கக் காப்பிக் கடைத் தொலைபேசியிலிருந்து கால்நடை அலுவலகத்தைக் கூப்பிட்டேன். அதிகாரி அக்கரைக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள். வீட்டுக்கு ஓடி வந்தால், அண்ணி கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். வெயிலுக்கு வெள்ளையப் பாத்தாத்தான் கோவம் வருமா?

“அண்ணி, அதே கேள்விய நான் திருப்பிக் கேக்கறேன்” என்றேன். “கண்ணு பட்டுச்சுன்னா, அது மட்டும் ஏன் கறுப்புல படல? அக்கா பாத்தது முழு மாட்டத்தான? பாதி மாட்டயா பாத்தாங்க?”

 நான் அண்ணியின் கையைப் பிடித்து மாட்டின் விலாவில் வைத்தேன். கறுப்பும் வெள்ளையும் சேருகிற கோட்டில். கோடு போட்டதுபோல் ஒரு பக்கம் புண், ஒரு பக்கம் நல்ல தோல். “கறுப்புக்குக் குடை இருக்கு அண்ணி. வெள்ளைக்கு இல்ல. உள்ள ஈரல் கெட்டுப்போச்சு, அதனால வெயிலத் தாங்கற சக்தி போயிருச்சு. நீங்க இப்ப நடத்திக் கூட்டிட்டுப் போனா மிச்சமும் உரிஞ்சிரும்.”

“ஈரல் எப்படி கெடும்? நான் என்ன சாராயமா ஊத்துனேன்?”

கையில் வைத்திருந்த தண்டையும் இலையையும் அவரிடம் கொடுத்தேன். அவர் உருட்டிப் பார்க்கவில்லை. மூக்குக்குக் கொண்டுபோனார், அவ்வளவுதான். மூன்று நாள் அரிவாள்மணையில் உட்கார்ந்து நறுக்கியவர். அந்த வாடை அவர் விரலுக்கு ஏற்கனவே தெரியும்.

இலையைக் கீழே போட்டுவிட்டு, “வெல்லம் போட்டுல்ல வெச்சேன்” என்றார்.

பிறகு கயிற்றைத் தூணில் திரும்பக் கட்டினார். இரண்டு முடிச்சுப் போட்டார். “திங்கக்கிழமை வரைக்கும் வெயிலு படக் கூடாது. அவ்வளவுதான? படாது.”

படாது என்று அவர் சொன்ன விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கொட்டகைக்குக் கூரை மட்டும்தான், மூன்று பக்கம் திறப்பு. வீட்டிலிருந்த சாக்கு அத்தனையும், போர்வை, பழைய கைலி, கல்யாணப் பந்தலில் மிஞ்சின தார்ப்பாய் என்று எல்லாம் தொங்கின. அப்படியும் தகரத்தில் ஆணி போன ஓட்டைகள் வழியாக வெயில் பொட்டுப் பொட்டாய் மாட்டின் முதுகில் விழுந்தது. அண்ணி முக்காலியில் ஏறி, துணி துவைக்கும் சோப்பைப் பிய்த்து ஒவ்வொரு ஓட்டையிலும் அப்பினார். கீழே இறங்கி, மாட்டின் முதுகைப் பார்த்து, இன்னொரு பொட்டு தெரிந்தால் திரும்ப ஏறுவார். சூரியன் நகர நகரப் புதுப் பொட்டு வரும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரைக்கும் ஏறி இறங்கினார்.

“ஒரு மாட்ட இருட்டறையில வெச்சு வளக்கறது நம்ம வீட்லதான்” என்றார் என் கணவர். சொல்லிக்கொண்டே முக்காலியைப் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். மலாய்க்காரர், சாந்தமான மனிதர். சாக்கை விலக்கி உள்ளே வந்து, கண்ணைப் பார்த்தார், தோலைப் பார்த்தார், தண்டை முகர்ந்தார். ஊசி போட்டார். வயிற்றில் மிச்சம் கிடக்கும் விஷத்தைப் பிடித்துக்கொள்ளக் கரித்தூளைத் தண்ணீரில் கரைத்து ஊட்டினார். “யார் இருட்டில் கட்டியது?” என்று மலாயில் கேட்டார். அண்ணி என்னைக் காட்டினார். நான் அண்ணி சோப்பு அப்பிய ஓட்டைகளைக் காட்டினேன். இந்த வாரம் தாண்டினால் பிழைக்கும், தோல் திரும்ப நாலைந்து வாரம் ஆகும், அதுவரை வெளியே விடாதீர்கள், பாலை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்து வீட்டுப் பால் அடியோடு நின்றது. அண்ணி அந்த வாரம் முழுவதும் கொட்டகையிலேயே இருந்தார். கையால் புல்லைக் கிள்ளி ஊட்டினார். வேப்பெண்ணெயைக் கோழி இறகால் புண்ணில் தொட்டுத் தொட்டு வைத்தார். ஈ உட்கார விடவில்லை. ஷிப்ட் முடிந்து வந்து நான் இருக்கிறேன் என்றால், “நீ போய் உன் புத்தகத்தப் படி. இன்னும் என்னென்ன விஷம் இருக்குன்னு பாத்துச் சொல்லு” என்பார். எட்டாம் நாள் மாடு தானாகத் தொட்டியில் வாயை வைத்தது. அண்ணி என்னைக் கூப்பிட்டு, பேசாதே என்று கையைக் காட்டி, அது மெல்லுகிற சத்தத்தைக் கேட்கச் சொன்னார். இரண்டு பேரும் இருட்டில் நின்று கேட்டோம்.

அந்தக் காலி மனைச் செடியை நானும் என் கணவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாராங் கத்தியால் வேரோடு எடுத்தோம். மூன்று மாதத்தில் திரும்ப முளைத்தது, திரும்ப எடுத்தோம். களை என்றால் என்ன என்று பரீட்சையில் கேட்டிருந்தால் நான் நாலு பக்கம் எழுதியிருப்பேன். அவர்கள் லாலாங் புல்லைப் பற்றித்தான் கேட்டார்கள்.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. கோடி வீட்டு அக்கா வேலைக்குப் போகும்போது எங்கள் வீட்டைத் தாண்டாமல் சுற்றுவழியாகப் போய்க்கொண்டிருந்தார். செடிதான் காரணம் என்று சந்தில் நான் சொல்லிப் பார்த்தேன். “அப்ப பெரிய கட்டு யாரு கொண்டாந்தா?” என்று அதையும் அவர் தலையிலேயே வைத்தார்கள். கண்ணுக்குப் பதில் இப்போது கை. நான் அண்ணியிடம், “நீங்க ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிரும்” என்றேன்.

“சொல்றேன். முதல்ல இது வெளிய வரட்டும். செத்துப்போச்சுன்னா என்னன்னு சொல்றது? நான்தான் நறுக்கிக் கொன்னேன்னா?”

ஐந்து வாரம் கழித்து, வெயில் தாழ்ந்த ஒரு சாயங்காலம், அண்ணி சாக்குகளை ஒவ்வொன்றாய் அவிழ்த்தார். மாடு வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றது. வெள்ளைத் திட்டில் பழைய தோல் முழுவதும் போய், இளஞ்சிவப்பாய், அதன்மேல் பொடிப்பொடியாய்ப் புது மயிர். முதுகில் ஒரு இடத்தில் தழும்பு நின்றுவிட்டது. சேதி பரவி, சந்து கூடிவிட்டது. கையில் ஏதேதோ கொண்டுவந்திருந்தார்கள். அண்ணி வாசலிலேயே மறித்தார். “கட்ட கீழ வெச்சுப் பிரி. நான் மோந்து பாத்துத்தான் உள்ள விடுவேன்.” சிரித்துக்கொண்டே பிரித்தார்கள். கோடி வீட்டு வாசல் மட்டும் பாதி சாத்தியிருந்தது.

அண்ணி அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு கயிற்றை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். கோயிலுக்கு என்று நினைத்து ஜனங்கள் வழிவிட்டார்கள். அவர் கோயில் பக்கம் திரும்பவில்லை. ஐந்து வாரம் நின்ற இடத்திலேயே நின்ற மாடு, காலை எண்ணி எண்ணி வைத்து, சந்தின் கடைசி வரைக்கும் அவர் பின்னால் போனது. நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம்.

அண்ணி கேட்டை ஆட்டினார். அக்கா கதவைத் திறந்து, மாட்டைப் பார்த்ததும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

“நிமுந்து பாரு” என்றார் அண்ணி. “நல்லாப் பாரு. கண்ண எடுக்காத.”

அக்கா நிமிரவில்லை. “நான் பூ அழகா இருக்குன்னுதான், அக்கா, வெட்டிட்டு வந்தேன்.”

“நானும் அழகா இருக்குன்னுதான் நறுக்குனேன். வெல்லம் வேற போட்டேன். கட்டுக் கட்டா கொண்டாந்தது இந்தச் சந்து, ஊட்டுனது நான்.” இதை அண்ணி அக்காவிடம் சொல்லவில்லை. எங்கள் பக்கம் திரும்பி, எல்லாரும் கேட்கும்படி சொன்னார். 

பிறகு அவர் கேட்டைத் தானே தள்ளித் திறந்து, கயிற்றை அக்காவின் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு, அவரைத் தாண்டி வீட்டுக்குள் நடந்து அடுப்படி வரைக்கும் போய், கழுநீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து மாட்டின் முன்னால் வைத்தார்.